ஏசுவதற்கு என் கண்தானா?

குமணன்சாவடியில் ஒரு மாலை. சாலையோரம் மேடை, கொடிகள் அசைந்தன, கூட்டம் நிறைந்தது. "குருட்டு ஆட்சியே! செவிட்டு ஆட்சியே! நொண்டிச் சாக்கு போதும்!" என்று முழங்கினோம். கைதட்டல் வானைப் பிளந்தது. நெஞ்சு நிமிர்த்தி இறங்கினோம்.

கீழே வெண்கோல் ஊன்றி நின்றார் ஒருவர். நாற்காலிக்குப் பிரம்பு பின்னிப் பிழைக்கும் தொழிலாளி. நமது கூட்டம் ஒன்றையும் தவறவிடாதவர். "பேச்சு பிரமாதம் ஐயா! ஆனால், ஆட்சியை ஏசுவதற்கு என் கண்தானா கிடைத்தது?" என்றார்.

சவுக்கடி, தோழர்களே, சவுக்கடி!

2024ஆம் ஆண்டு, சென்னை அரசுப் பள்ளி ஒன்றில் ஆன்மிகப் பேச்சாளர் ஒருவர், உடற்குறை முற்பிறவிப் பாவத்தின் பயன் என்ற பொருள்படப் பேசினார். பார்வையற்ற ஆசிரியர் ஒருவர் அங்கேயே எதிர்த்துக் கேட்டார். நாடு கொதித்தது, பேசியவர் கைதானார். மூடநம்பிக்கை என்று நாமும் கண்டித்தோம். கண்டித்த வாய் என்ன செய்தது? அவர் உடற்குறையைப் பாவத்தின் கூலியாக்கினார். நாமோ அதையே வசைச்சொல்லாக்கினோம். எவ்வளவு தூரம், இருவருக்கும் இடையே?

வெறும் சொல்தானே என்பார் உண்டு. 1925இல் பிறந்த சுயமரியாதை இயக்கம், 'சூத்திரன்' என்ற சொல்லின் மீது போர் தொடுக்கவில்லையா? சொல்தான் முதலில் மனிதனைத் தாழ்த்துகிறது. பிறகுதான் வேலை மறுக்கப்படுகிறது. ஏறமுடியாத படிக்கட்டு கட்டப்படுகிறது.

அதனாலன்றோ கலைஞர் முதலமைச்சராக இருந்தபோது 'ஊனமுற்றோர்' என்ற சொல்லை அகற்றி, 'மாற்றுத்திறனாளிகள்' என்று அரசு ஏட்டில் ஏற்றினார். 2010இல் தனித்துறையும் கண்டார்! 2016ஆம் ஆண்டின் நடுவண் சட்டம் அரசுப் பணியில் 4 விழுக்காட்டுக்குக் குறையாத இட ஒதுக்கீடு தந்தது. பலர் காணும் இடத்தில் வேண்டுமென்றே அவர்களை இழிவுபடுத்துவோர்க்கு 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை என்றது. 2025இல் உள்ளாட்சி மன்றங்களில் அவர்களுக்கு நியமன இடம் தரத் தமிழகச் சட்டமன்றம் வழிசெய்தது.

சட்டம் வந்தது, நமது நாக்கு வந்ததா?

பார்வையற்றவர், செவித்திறன் குறைந்தவர், கால் இயலாதவர் என்று சொல்லுங்கள். அதனினும் மேலாக, பெயர் சொல்லி அழையுங்கள். உடன் வந்தவரிடம் "இவருக்கு என்ன வேண்டும்?" என்று கேளாதீர்கள்; அவரிடமே கேளுங்கள். 'பாவம்' என்று உச்சுக்கொட்டாதீர்கள். அவர் கேட்பது இரக்கமல்ல, உரிமை. ஆட்சியைத் தாக்கவேண்டுமா? நெஞ்சமில்லாத ஆட்சி என்று தாக்குங்கள். தமிழில் சொல்லுக்கா பஞ்சம்?

கூப்பிடு தொலைவில், பூந்தமல்லியில், பார்வையற்றோர்க்கான அரசுப் பள்ளி இருக்கிறது. நமது ஒலிபெருக்கி அந்தப் பிள்ளைகளின் காதிலும் விழும், நினைவிருக்கட்டும்.

புலவனின் வறுமை தீரத் தன் தலையையே தர முன்வந்தான் குமணன் என்பர். அவன் பெயர் ஒலிக்கும் சாவடியில் நின்று கேட்கிறோம். தலை வேண்டாம், தோழர்களே! நாவிலிருக்கும் நாலு சொற்களைத் தாருங்கள். நாம் தந்துவிட்டோம்.