பாகிஸ்தான் வராத உலகக்கோப்பை

2025 நவம்பர் 29. மதுரையில் புதிதாகக் கட்டிய ஹாக்கி மைதானம். ஜூனியர் உலகக்கோப்பையின் லீக் ஆட்டத்தில் இந்தியா 17 கோல் அடித்தது. எதிரணி ஓமன் ஒன்றுகூடப் போடவில்லை. பதினேழாவது கோலுக்கு எழுந்து நின்று கத்த எத்தனை பேருக்குத் தெம்பு இருந்திருக்கும்!

முதலில் போட்ட அட்டவணையில் அந்த இடம் ஓமனுக்கு உரியதே அல்ல. அங்கே இருந்த பெயர் பாகிஸ்தான். இரு நாட்டு உறவு கசந்து கிடந்த அந்த அக்டோபரில் பாகிஸ்தான் விலகிக்கொள்ள, மாற்று அணியாக வந்து சேர்ந்தது ஓமன். இப்படி நடப்பது முதல்முறையும் அல்ல. 2016இல் லக்னோவில் இதே போட்டி நடந்தபோதும் பாகிஸ்தான் வரவில்லை. அதன் இடத்தில் மலேசியா ஆடியது.

இத்தனைக்கும் விலகல் அறிவிப்பு வருவதற்குச் சில நாட்கள் முன்னால்தான் இரு நாட்டுப் பையன்களும் மோதியிருந்தார்கள். மலேசியாவில் சுல்தான் ஆஃப் ஜோகூர் கோப்பை. அதற்கு முந்தைய மாதம் துபாயில் இரு நாட்டு கிரிக்கெட் வீரர்கள் கைகுலுக்காமல் போனது ஊரெல்லாம் பேச்சாக இருந்த நேரம். ஹாக்கிப் பையன்களோ ஆட்டத்துக்கு முன் வரிசையாக நடந்து, ஒருவர் உள்ளங்கையில் ஒருவர் தட்டிவிட்டுப் போனார்கள். ஆட்டம் 3-3 என டிராவில் முடிந்தது.

இந்தியா-பாகிஸ்தான் ஹாக்கிப் பகை பழைய கணக்கு. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக் இறுதியில் இந்தியா 1-0. 1960 ரோமில் பாகிஸ்தான் 1-0. 1964 டோக்கியோவில் மறுபடி இந்தியா 1-0. மூன்று இறுதி ஆட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு கோல்.

இந்த ஆட்டம் ஒரு புதுமுகத்துக்கு என்ன செய்யும் என்பதற்கு அரியலூர் கார்த்தி செல்வத்தைவிட நல்ல சாட்சி இல்லை. கோவில்பட்டி விளையாட்டு விடுதியில் பயிற்சி பெற்றவர். 2022 மே மாதம் ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பை. இந்திய சீனியர் அணிக்காக அவர் இறங்கிய முதல் ஆட்டமே பாகிஸ்தானுக்கு எதிராக. ஒன்பதாவது நிமிடத்திலேயே கோல் கணக்கில் அவர் பெயர் ஏறிவிட்டது. ஆட்டம் 1-1 என்றுதான் முடிந்தது. ஆனால் அன்று இரவே தமிழ்நாட்டு ஹாக்கி ரசிகர்களுக்கு அவர் நம்ம வீட்டுப் பிள்ளை. வேறு எந்த அணிக்கு எதிராக அடித்திருந்தாலும் இந்த வேகத்தில் அது நடந்திருக்காது.

சென்னை, மதுரையில் ஆடிய 21 வயதுக்கு உட்பட்டோர் அணிக்குப் பாகிஸ்தானோடு மோதும் அந்த வாய்ப்பு கிடைக்கவில்லை. ஆனால் சோதனைக்குப் பஞ்சம் இல்லை. எழும்பூர் மைதானத்தில் காலிறுதி, எதிரே பெல்ஜியம். 2-2 என்று இருக்க, ஆட்டம் ஷூட் அவுட்டுக்குப் போனது. 23 மீட்டர் கோட்டிலிருந்து பந்தை உருட்டி வந்து, எட்டு நொடிக்குள் கோல் கீப்பரை ஏமாற்ற வேண்டும். பிரின்ஸ்தீப் சிங் கோல் வாயை மறித்து நிற்க, இந்தியா 4-3 என மூச்சு விட்டது. அரையிறுதியில் ஜெர்மனி 5-1 என்று தரையில் உட்கார வைத்தது.

டிசம்பர் 10, வெண்கலப் பதக்க ஆட்டம். நாற்பத்தெட்டு நிமிடம் முடிந்தபோதும் அர்ஜென்டினா 2, இந்தியா 0. பயிற்சியாளர் ஸ்ரீஜேஷ் இரண்டு ஒலிம்பிக் வெண்கலம் கண்டவர். அவருடைய பையன்கள் வெறுங்கையோடு திரும்பும் நிலை. 49ஆவது நிமிடத்தில் அங்கித் பால், 52இல் மன்மீத் சிங், 57இல் சாரதா நந்த் திவாரி, 58இல் அன்மோல் எக்கா. பத்து நிமிடத்துக்குள் நான்கு கோல், 4-2. ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு ஜூனியர் உலகக்கோப்பையில் இந்தியாவுக்கு ஒரு பதக்கம். கோப்பை ஜெர்மனிக்குப் போனது.

அடுத்த ஜூனியர் உலகக்கோப்பை வருவதற்குள் இவர்களில் பலர் 21ஐத் தாண்டியிருப்பார்கள். ஜோகூரில் 3-3 என்று நின்றுபோன கணக்கை இந்தப் பையன்கள் ஜூனியர் சட்டையில் சொந்த மண்ணில் தீர்த்துக்கொள்ளப் போவதில்லை.