ஒரு நூலுக்காக ஒரு விடுமுறை

ஸ்பெயின் நாட்டின் வடமேற்கு மூலையில் உள்ளது கலீசியா. அங்கே ஆண்டுதோறும் மே 17 பொது விடுமுறை. காரணம், ஒரு கவிதை நூல்!

இடைக்காலத்தில் அரசவைகளில் பாடப்பட்ட மொழி கலீசியம். பிறகு பல நூற்றாண்டுகள் அது வீட்டிலும் வயலிலும் மட்டுமே புழங்கியது. ஏட்டில் ஸ்பானிய மொழியே கோலோச்சியது. அந்த நிலையை மாற்றியவர், 1837-இல் சந்தியாகோ தெ கொம்போஸ்தேலா நகரில் பிறந்த ரொசாலியா தெ காஸ்த்ரோ. நாட்டுப்புறப் பாடல்களை அடியொற்றி, 'கந்தாரெஸ் கல்யேகோஸ்' என்ற நூலைத் தாய்மொழியிலேயே எழுதினார். அதன் காணிக்கை உரையில் உள்ள தேதி, 1863 மே 17.

1880-இல் வந்த 'ஃபொல்லாஸ் நோவாஸ்' நூலில், கடல் கடந்து பிழைக்கப் போனவர்களின் துயரத்தையும், ஊரில் தனித்து நின்ற அவர்களுடைய மனைவியரின் பாட்டையும் பாடினார். 1885-இல், 48 வயதில், புற்றுநோயால் மறைந்தார்.

'கந்தாரெஸ் கல்யேகோஸ்' நூலின் நூற்றாண்டான 1963-இல், அரச கலீசியக் கழகம் மே 17-ஐக் கலீசிய இலக்கிய நாளாகக் கொண்டாடத் தொடங்கியது. ஒவ்வோர் ஆண்டும், பெரும்பாலும் மறைந்த எழுத்தாளர் ஒருவருக்கு அந்நாள் உரியதாகும். முதல் ஆண்டுச் சிறப்பு ரொசாலியாவுக்கே!

1981-இல் கலீசியம் கலீசியாவில் ஆட்சிமொழித் தகுதி பெற்றது. 2019-இல் பன்னாட்டு வானியல் ஒன்றியம், தொலைவிலுள்ள விண்மீன் ஒன்றுக்கு ரொசாலியாவின் பெயரைச் சூட்டியது.