கோடைக்கானல் ஏரி

கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில், நட்சத்திர வடிவில் கிளை விரித்துக் கிடக்கும் இந்த ஏரி, காண்போருக்கு ஆதிகாலந்தொட்டு இங்கேயே இருந்துவருவதாகத் தோன்றினாலும், மதுரை ஜில்லாக் கலெக்டராகப் பணியாற்றிய வேர் ஹென்றி லெவிஞ்சு என்பவரின் முயற்சியால், 1863-ஆம் ஆண்டில், சதுப்பு நிலத்து ஓடை நீரைக் கரையிட்டுத் தேக்கியதனால் உண்டானதேயாகும்.

ஏரியைச் சுற்றியுள்ள சுமார் 5 கிலோமீட்டர்ச் சாலை பெரும்பாலும் சமதளமாகையால், பாட்டியின் விரலைப் பற்றிவரும் சிறு குழந்தையும் ஆங்காங்கே இளைப்பாறி நடந்துவிடலாம். வாடகைச் சைக்கிளும் குதிரையும் கிடைக்குமாயினும், நடந்து காண்பதற்கு இணையான ஆனந்தம் வேறில்லை என்பதே எமது அபிப்பிராயம். துடுப்புப் படகிலோ மிதிபடகிலோ ஏறிச் சற்றே தூரம் சென்றதும், ஏரியின் கரங்கள் வளைந்து வளைந்து செல்வதால் படகுத்துறை கண்ணுக்கு மறைந்துபோக, மூடுபனி கலையாத காலை வேளையில் எதிர்ப்படும் படகு உருவம் தெரியுமுன்னே அதன் துடுப்பொலி காதில் விழுவது, குழந்தைகளுக்கு விசேஷக் குதூகலம் தருவதாகும்.

1908-இல் உருவான பிரையண்ட் பூங்கா கிழக்குக் கரையருகே உள்ளது.

ஏரியிலிருந்து வழியும் நீரே மலைப்பாதையில் நீங்கள் கண்ட வெள்ளி நீர்வீழ்ச்சியாய் விழுகிறது. ஆதலால், சோளத்தண்டையும் காகிதத்தையும் தண்ணீரில் எறியாதிருக்குமாறு பெரியோரையும் சிறியோரையும் அன்புடன் வேண்டுகிறோம்.