கணிப்பொறியின் பரணையும் பாருங்கள்!

வீடு மாறும்போது கூடத்திலும் அறைகளிலும் உள்ள சாமான்களையெல்லாம் வண்டியில் ஏற்றிவிட்டு, பரண்மேல் இருப்பவற்றை மறந்துவிடுவோர் உண்டு. கணிப்பொறியை மாற்றும்போதும் இதுவே பல இல்லங்களில் நிகழ்கிறது.

விண்டோஸ் 10 பதிப்புக்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அளித்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளுடன் முடிவுற்றது. ஆகவே, உங்கள் இல்லத்திலும் பழைய கணிப்பொறியை மாற்றும் பேச்சு எழுந்திருக்கலாம். புகைப்படங்களையும் கடிதங்களையும் பென் டிரைவில் எடுத்துக்கொண்டதும் வேலை முடிந்தது என்று எண்ணிவிடாதீர்கள்.

நீங்கள் பயன்படுத்தும் ஒவ்வொரு மென்பொருளும் தனக்கெனச் சில தகவல்களைச் சேமித்து வைக்கிறது. அவை பெரும்பாலும் இருக்குமிடம் 'ஆப்டேட்டா' என்னும் கோப்புறை. அறியாமல் எவரும் அழித்துவிடக் கூடாது என்பதற்காகவே அது கண்ணில் படாதவாறு மறைத்து வைக்கப்பட்டுள்ளது.

அதனைக் காண்பது எளிது. விண்டோஸ் 11இல் கோப்புகளைக் காட்டும் சாளரத்தைத் திறந்து, மேலே 'வியூ', அதனுள் 'ஷோ', அதனுள் 'ஹிடன் ஐட்டம்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் 10இல் 'வியூ' பகுதியிலேயே 'ஹிடன் ஐட்டம்ஸ்' இருக்கும். பின்னர் சி டிரைவில் 'யூசர்ஸ்' என்பதற்குள் உங்கள் பெயரில் உள்ள கோப்புறையைத் திறந்தால், மங்கலான நிறத்தில் 'ஆப்டேட்டா' தோன்றும்.

அதனுள் மூன்று பிரிவுகள் உள்ளன. 'ரோமிங்' என்பது, அலுவலக வலையமைப்புகளில் பயனர் எந்தக் கணிப்பொறியில் அமர்ந்தாலும் அவரைத் தொடர்ந்து செல்லத்தக்க தகவல்களுக்கானது. 'லோக்கல்' அந்தக் கணிப்பொறிக்கே உரியது. 'லோக்கல்லோ' குறைந்த அனுமதியுடன் இயங்கும் நிரல்களுக்கானது.

தண்டர்பேர்ட் மூலம் மின்னஞ்சல் பார்ப்பவரா நீங்கள்? கணிப்பொறியில் இறக்கிய அஞ்சல்கள் வழக்கமாக 'ரோமிங்' பிரிவில்தான் உள்ளன. ஃபயர்ஃபாக்ஸில் குறித்து வைத்த பக்கங்களும் அங்கேயே இருக்கின்றன. குரோம் உலாவியின் தகவல்களும், ஸ்டிக்கி நோட்ஸில் எழுதிய குறிப்புகளும் 'லோக்கல்' பிரிவில் உள்ளன. இணையக் கணக்கில் நகல் இல்லையெனில், கணிப்பொறியை ஃபார்மட் செய்தவுடன் இவையனைத்தும் அழிந்துபோகும்.

ஆகவே, தொடர்புடைய மென்பொருளை முதலில் மூடிவிட்டு, அதற்குரிய கோப்புறையை முழுமையாக நகலெடுங்கள். குரோமில் சேமித்த கடவுச்சொற்கள் அந்தக் கணிப்பொறியின் பயனர் கணக்கோடு பூட்டப்பட்டிருப்பதால், கோப்புறையை நகலெடுத்தால் மட்டும் போதாது. அவற்றை உலாவியின் வழியாகவே தனியே வெளியே எடுத்துக்கொள்ள வேண்டும். இடம் பற்றவில்லை என்று கருதி அக்கோப்புறையில் உள்ளவற்றைக் கண்டபடி அழித்துவிடாதீர்கள். மென்பொருள்கள் இயங்காமல் போகக்கூடும்.

பழைய கணிப்பொறியைப் பிறருக்கு விற்பதாயினும் கொடுப்பதாயினும் மற்றொன்றையும் கவனியுங்கள். படங்களை மட்டும் நீக்கிவிட்டுக் கொடுத்தால், உலாவியில் திறந்தே விடப்பட்ட உங்கள் கணக்குகள் அதனுடனேயே சென்றுவிடும். தேவையானவற்றை நகலெடுத்து, நகல் சரியாகத் திறக்கிறதா என்று பார்த்தபின், 'ரீசெட் திஸ் பிசி' வசதியில் 'ரிமூவ் எவ்ரிதிங்' என்பதைத் தேர்ந்தெடுத்து அனைத்தையும் துடைத்துவிடுங்கள். அதன் பிறகே கணிப்பொறி உங்கள் இல்லத்தின் வாசலைத் தாண்டட்டும்.