லாயமும் வீடும் விற்பனைக்கு
குதிரைப் பண்ணைகளுக்கு விலை வைப்பது குதிரை அல்ல, நிலம்

விளம்பரத்தில் வீடுதான் முதலில் வரும். ஓட்டுக் கூரை, அகன்ற தாழ்வாரம், மாமர நிழல். அடுத்து லாயம், வைக்கோல் கொட்டகை, கிணறு. தார்ச்சாலை எத்தனை தூரம் என்பதும் மறக்காமல் இடம்பெறும். உண்மையான சரக்கு கடைசி வரியில் இருக்கிறது: எத்தனை ஏக்கர். புனேயைச் சுற்றியோ பெங்களூர் அருகிலோ ஒரு குதிரைப் பண்ணை விலைக்கு வந்தால், மனைத் தரகர்கள் அந்த வரியிலிருந்துதான் பேச்சைத் தொடங்குகிறார்கள்.

லாயத்தை ஓராண்டில் கட்டிவிடலாம். மேய்ச்சல் வெளியை அப்படி உண்டாக்க முடியாது. பந்தயக் குதிரையின் எலும்பு உறுதிக்கு மண்ணிலும் தீவனத்திலும் சுண்ணாம்புச் சத்து வேண்டும். ஓடிப் பழகும் குட்டியின் கால் இடறாதபடி குழியும் கல்லும் இல்லாத சமதரை வேண்டும். முள்வேலி ஆகவே ஆகாது. குதிரைமசால் வளர ஆண்டு முழுவதும் தண்ணீர் வேண்டும். பெட்டைக் குதிரை சினையைச் சுமப்பது 11 மாதம். பிறந்த குட்டி பந்தயத்துக்குத் தயாராக இன்னும் இரண்டு ஆண்டுகளுக்கு மேல். செயற்கைக் கருவூட்டலில் பிறந்த குட்டியைப் பந்தயக் குதிரைகளின் வம்சப் பதிவேடு ஏற்பதில்லை. ஆகவே பொலிகுதிரை இருக்கும் பண்ணைக்கே பெட்டைகளை லாரியில் ஏற்றி வரவேண்டும். அவசரக்காரர்களுக்கு ஏற்ற தொழில் அல்ல இது.

வருமானமோ பந்தய மைதானத்தைப் பொறுத்தது. பந்தயம் கட்டுவோரின் பணம் பரிசுத் தொகையாகிறது. பரிசை நம்பிக் குதிரை முதலாளிகள் குட்டி வாங்குகிறார்கள். பந்தயத் தொகை முழுவதற்கும் 28 சதவீத ஜி.எஸ்.டி. 2023 அக்டோபரில் அமலுக்கு வந்தது. 2025 செப்டம்பரில் அது 40 சதவீதமாயிற்று. இடையில், 2024 செப்டம்பரில், தமிழக அரசு சென்னை கிண்டி பந்தய மைதானத்துக்குச் சீல் வைத்தது. மைதானத்தில் விழும் அடி பண்ணையில் வலிக்கிறது.

கர்நாடகத்தின் குனிகல் பண்ணை இந்த இழுபறிக்கு நல்ல உதாரணம். திப்பு சுல்தான் காலத்துக் குதிரைப்படையோடு தொடர்புடையது, 400 ஏக்கருக்கு மேல் பரந்தது. மாநில அரசுக்குச் சொந்தமான இதை 1992-இல் விஜய் மல்லையாவின் நிறுவனம் 30 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. குத்தகைக் காலம் 2022-இல் முடிந்தபின் அங்கே துணை நகரம் அமைக்கும் யோசனை கிளம்பியது, கூடவே எதிர்ப்பும். பெங்களூரிலிருந்து சுமார் 70 கிலோமீட்டரில் இத்தனை புல்வெளி சும்மா கிடப்பதாகச் சிலர் கண்ணுக்குப் படுவதில் வியப்பில்லை.

யார் வாங்கலாம் என்பதைச் சட்டமும் தீர்மானிக்கிறது. மகாராஷ்டிரத்தில் 1948-ஆம் ஆண்டுச் சட்டப்படி, விவசாயி அல்லாதவர் அனுமதியின்றி விவசாய நிலம் வாங்க முடியாது. கர்நாடகம் இந்தத் தடையை 2020-இல் நீக்கிவிட்டது. அங்கே பண்ணையைக் கேட்டு வரும் கூட்டம் பெருக அதுவே போதும்.

குதிரையை வைத்தே வேறு தொழில் முளைத்ததும் உண்டு. 1946-இல் புனேயில் பண்ணை தொடங்கிய பூனாவாலா குடும்பம், வயதான குதிரைகளை மருந்துக்கான சீரம் எடுக்க மும்பையின் ஹாஃப்கின் நிலையத்துக்குக் கொடுத்துவந்தது. அதை நாமே தயாரித்தால் என்ன என்ற எண்ணத்தில் 1966-இல் பிறந்ததுதான் சீரம் இன்ஸ்டிட்யூட். ஆனால் எல்லாப் பண்ணைக்காரருக்கும் அந்த யோகம் வாய்ப்பதில்லை.

விற்பது முடிவானால் முதலில் போவது சினைப்பெட்டைகளும் நல்ல வம்சத்துக் குட்டிகளும். லாயக்காரர்களின் குடும்பங்கள் பண்ணைக் குடியிருப்பிலேயே தங்கியிருக்கும். வேலை போகும்போது வீடும் போகிறது. வேறு பண்ணையில் வேலை கிடைத்தால் சரி, இல்லாவிட்டால் கல்யாண ஊர்வலக் குதிரைகளைப் பராமரிக்கப் போகவேண்டியதுதான். ஈனும் வயது கடந்த பெட்டைகளுக்கு விலை பேச ஆள் வருவதில்லை. நன்றாகப் பார்த்துக்கொண்டால் குதிரை 25, 30 வயது வரை வாழும். அந்தத் தீவனச் செலவை யார் ஏற்பது என்ற பேச்சை, விற்பவரும் வாங்குபவரும் பத்திரப்பதிவு நாள் வரை தள்ளிப்போடுகிறார்கள்.