தைராய்டு ரிப்போர்ட்டில் 'பார்டர்லைன்' என்றால் என்ன?

ரிப்போர்ட்டில் டி.எஸ்.எச். 5.8 என்று தடித்த எழுத்தில் வந்துவிட்டால் அன்றிரவே நம் தூக்கம் போய்விடுகிறது. மறுநாள் யாரோ சொன்ன மாத்திரை வீட்டுக்கு வந்துவிடுகிறது. சற்று நிதானிப்போம்.

டி.எஸ்.எச். தைராய்டில் சுரப்பதல்ல, மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி தைராய்டை வேலை வாங்க அனுப்பும் ஹார்மோன். தைராய்டு சோர்ந்தால் இது கூடும். பெரும்பாலான லேப்களில் 0.4 முதல் 4 அல்லது 4.5 வரை இயல்பு. அதைத் தாண்டி 10-க்குள் இருந்து, ஃப்ரீ டி4 சரியாக இருந்தால் அதுவே பார்டர்லைன். பலருக்குத் தானாகவே இறங்கிவிடும். அதனால்தான் இரண்டு, மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்கிறார்கள். முடி கொட்டுகிறதென்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள் டெஸ்ட்டுக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்; அது ரிப்போர்ட்டையே மாற்றிக் காட்டும்.

கர்ப்பிணிகளுக்கும் குழந்தைக்கு முயல்பவர்களுக்கும் இந்தக் காத்திருப்பு கூடாது. உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும். முதல் மாதங்களில் சிசுவின் மூளை வளர்ச்சி தாயின் தைராய்டு ஹார்மோனையே நம்பியிருக்கிறது.

சத்துக்களில் முக்கியமானது அயோடின். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம் தேவை. அயோடின் உப்பு, மீன், பால், முட்டையிலேயே கிடைத்துவிடும். மேற்கொண்டு கெல்ப் எனும் கடற்பாசி மாத்திரையை விழுங்கினால் தைராய்டு இன்னும் கெடலாம். (நோன்பு திறக்க நாம் செய்யும் கடல்பாசியைச் சொல்லவில்லை!) செலீனியமும் மீன், முட்டை, இறைச்சியில் உண்டு.

ஏற்கெனவே தைராக்சின் எடுப்பவர்கள் இரும்பு, கால்சியம் மாத்திரைகளை அதற்கு நான்கு மணி நேரம் தள்ளியே சாப்பிட வேண்டும்.