ஒலிபெருக்கிக்கு முந்திய இரு குரல்கள்

மேனாட்டு இசை நாடகமாகிய ஒப்பராவில் ஆடவர் குரல்களுள் உயர்ந்து ஒலிப்பதனைத் தெனோரே என்பர். காதலனும் வீரனும் பெரும்பாலும் இக்குரலுக்கே உரியோர். ஒலிபெருக்கி இல்லாத அரங்கிலே, பல்வகை வாத்தியங்களின் முழக்கத்தைக் கடந்து இக்குரல் கடைசி இருக்கைவரை சென்றடைதல் வேண்டும். வலிந்து கத்துவதனால் இது கைகூடாது. பயின்ற குரலின் ஆற்றல் விநாடிக்கு ஏறத்தாழ 3000 அதிர்வுகளை அடுத்துத் திரள்கின்றது. அவ்விடத்தில் வாத்திய ஒலி மெலிந்திருப்பதனாற் குரல் தனித்துக் கேட்கின்றது.

1873 இல் நேப்பிள்ஸ் நகரில் எளிய குடும்பத்திற் பிறந்த என்றிக்கோ கரூசோ இக்குரலால் உலகப் புகழ் எய்தினார். 1895 இல் மேடையேறிய அவர், 1903 முதல் 1920 வரை நியூயோர்க் மெற்றோப்பொலிற்றன் அரங்கின் தலைசிறந்த பாடகராய் விளங்கினார். 1916 இல் அங்கு அவர் ஏற்ற பாத்திரமொன்று நமக்கு நெருக்கமானது. பிரெஞ்சு நாட்டவராகிய பிசே 1863 இல் அரங்கேற்றிய "முத்துக்குளிப்போர்" என்னும் ஒப்பராவின் கதை இலங்கைக் கடற்கரையில் நிகழ்வது. அதன் நாயகனாகிய நாதிராகக் கரூசோ பாடினார். பிசே இலங்கையைக் கண்டவரல்லர். ஐரோப்பாவிற் பெயர்பெற்றது மன்னார் முத்துச்சலாபம். திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த தம்பலகாமக் குடாவிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒளி ஊடுருவும் தட்டைச் சிப்பியினின்று சிறு முத்துக்கள் எடுக்கப்பட்டமையைப் பலர் அறியார். நியூயோர்க்கில் அவ்வொப்பரா மூன்று இரவுகளோடு நின்றது. மீண்டும் அம்மேடை ஏற ஏறத்தாழ நூறாண்டு சென்றது.

தமிழ் மேடையில் இத்தகைய குரலுக்கு உரியவர் செங்கோட்டை கிட்டப்பா. 1906 இற் பிறந்து, சிறுவராகவே நாடகத்திற் புகுந்த அவருக்குக் கன்னையா கம்பெனியின் தசாவதார நாடகம் பெரும்புகழ் தந்தது. பெருங்கூட்டத்தின் கடைக்கோடிக்கும் பாட்டு எட்டவேண்டியிருந்தமையால் அக்கால நடிகர் உயர்ந்த கட்டையிற் சுருதி வைத்துப் பாடினர். ஆர்மோனியம் பின்தொடர, மேல் ஸ்தாயியில் நெடிது நின்று, அங்கிருந்து பிருகாக்களை உதிர்த்தவாறே கீழிறங்குதல் கிட்டப்பாவின் வழி. கரூசோவுக்கு எழுதிவைத்த சுரங்களைப் பிறழாது பாடும் கட்டுப்பாடு. கிட்டப்பாவுக்கோ மேடையில் நின்றவாறே இராகத்தை விரிக்கும் உரிமை. இரண்டிற் பின்னதே அரிது எனல் தகும். 1926 இல் இலங்கையில் அவர் கே. பி. சுந்தராம்பாளோடு சேர்ந்து நடித்தார். இருவரும் போட்டியிட்டுப் பாடியதைக் கேட்கவே மக்கள் திரண்டனர். மறு ஆண்டில் அவர்கள் மணந்துகொண்டனர்.

கரூசோவுக்கு வாய்த்த ஒன்று கிட்டப்பாவுக்கு வாய்க்கவில்லை. 1902 இல் மிலான் நகரின் விடுதியறையொன்றில், ஒலிவாங்கிக் குழலின் முன் நின்று, ஒரே நாளிற் பத்துப் பாடல்களைப் பதிவுசெய்தார் கரூசோ. அப்பணி 1920 வரை தொடர்ந்தது. மறு ஆண்டில் 48 ஆம் வயதில் அவர் இறந்தபோது அவர் குரலின் வளர்ச்சி முழுவதும் இசைத்தட்டுக்களில் இருந்தது. கிட்டப்பா 1933 டிசம்பர் 2 இல், 27 ஆம் வயதில் மறைந்தார். தமிழ்ப் பேசும்படம் 1931 இலேயே வந்துவிட்டது. அவர் எதிலும் தோன்றவில்லை. வெள்ளாடை புனைந்து, ஆடவரோடு நடிப்பதில்லையென உறுதிபூண்ட சுந்தராம்பாளே 1935 இல் நந்தனாராகத் திரையில் தோன்றினார்.

இரவு முழுதும் நீண்ட கிட்டப்பாவின் நாடகங்களில் எஞ்சியவை, பக்கத்துக்கு மூன்று நிமிடமளவே ஓடும் சில தட்டுக்கள். அவற்றுள் "எவரனி" என்னும் தியாகராசர் கீர்த்தனையைச் சங்கீத வித்துவான்களும் விரும்பிக் கேட்டனர்.